இருட்டுக் காட்சியில் குளோவைச் சுற்றி வரும் பட்டைகள்: எந்தத் தீர்வு யாருக்கு?

இரவுக் காட்சியில் ஒரு விளக்குக்குக் குளோ (சுற்றிலும் பரவும் ஒளி எஃபெக்ட்) போடுகிறோம். எடிட் செய்யும்போது மென்மையாகக் கரைந்து போகும் ஒளி, எக்ஸ்போர்ட் ஆகி யூடியூபுக்கோ போனுக்கோ போனதும் வளையம் வளையமாக, பட்டைகளாகப் (பேண்டிங்) பிரிந்து நிற்கிறது. வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: புராஜெக்டை 32 பிட்டுக்கு மாற்று, கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) போடு, டீபேண்ட் (பட்டை நீக்கும் ஃபில்டர்) வாங்கு, 10 பிட்டில் எக்ஸ்போர்ட் செய், பிட்ரேட்டை (நொடிக்குச் செலவாகும் தரவை) ஏற்று. எதுவும் தவறான யோசனை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில் உருவாகும் பட்டைக்கான தீர்வு. எந்தக் கட்டம் என்று பார்க்காமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ரெண்டர் நேரம்தான் கூடும், பட்டை போகாது.

## பட்டை எங்கிருந்து வருகிறது

பிட் எண் என்பது ஒளியை எத்தனை படிகளாகப் பிரிக்கலாம் என்பதைச் சொல்கிறது. 8 பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. இடையில் மொத்தம் 220 படிகள்தான். ஒரு விளக்கின் குளோ 46-இல் தொடங்கி 16 வரை இறங்குகிறது, அதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் 900 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். 30 படியை 900 பிக்ஸலில் பரப்பினால் ஒவ்வொரு படிக்கும் 30 பிக்ஸல் அகலம். அதுவும் சராசரிதான். குளோவின் வெளி ஓரம் மெதுவாக இறங்குவதால் அங்கே ஒரு படி 60, 80 பிக்ஸல் வரை நீளும். பட்டை எப்போதும் ஒளியின் வெளி விளிம்பில் மோசமாகத் தெரிவது இதனால்தான். 10 பிட்டில் அதே இறக்கத்துக்கு 120 படிகள் கிடைக்கும், சராசரி அகலம் 7.5 பிக்ஸலாகச் சுருங்கும்.

வெளிச்சமான காட்சியிலும் இதே கணக்குதான். ஆனால் 150-க்கும் 151-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 20-க்கும் 21-க்கும் உள்ளது தெரியும். போதாக்குறைக்கு, கேமரா எடுத்த காட்சியில் இயல்பாகவே இருக்கும் நாய்ஸ் (துகள் துகளான இரைச்சல்) இந்தப் படிகளின் எல்லையைக் கலைத்து மறைத்துவிடும். குளோ என்பது கணினி உருவாக்கிய மழமழப்பான சரிவு, அதில் நாய்ஸ் கிடையாது. இருட்டுக் காட்சியை முதலில் டீநாய்ஸ் செய்துவிட்டு அதன் மேல் குளோ போடுபவர்களுக்குப் பட்டை இரண்டு மடங்கு தெரிய இதுவே காரணம். மறைத்துக்கொண்டிருந்த நாய்ஸையும் அவர்களே துடைத்து எடுத்துவிடுகிறார்கள்.

## முதலில் எது கோளாறு என்று பாருங்கள்

எக்ஸ்போர்ட் ஆன கோப்பை மறுபடி ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் (அடோபியின் எஃபெக்ட் மென்பொருள்) கொண்டுவாருங்கள். மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வைத்து எக்ஸ்போஷரை 3 ஸ்டாப் ஏற்றினால் பட்டைகள் தெளிவாகத் தெரியும். இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த லேயரை அணைத்துவிட்டு, அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் மேல் கர்சரை வைத்து இன்ஃபோ பேனலில் எண்களை 8 பிட் (0–255) கணக்கில் பாருங்கள்.

வித்தியாசம் 1, எப்போதாவது ஒரு 2 என்றால் அது 8 பிட்டின் இயல்பான எல்லை. உங்கள் கணக்கீட்டில் பிழை இல்லை. தொடர்ந்து 2, 3 என்று தாவினால் வேலையின் நடுவில் எங்கோ படிகள் தொலைந்திருக்கின்றன. கோடுகள் வளைவாக இல்லாமல் சதுரம் சதுரமாக, சில நொடிக்கு ஒருமுறை துடித்து மாறினால் அது கம்ப்ரஷன். குளோ போடாத ஒரிஜினல் காட்சியிலேயே அதே இடத்தில் பட்டை இருந்தால் கேமராவிலேயே நடந்துவிட்டது. 8 பிட் லாக்கில் (பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) இருட்டை எடுத்தால் இது சகஜம்.

இன்னொன்றும் உண்டு. விலை குறைந்த லேப்டாப் திரைகள் பல உண்மையில் 6 பிட் பேனல்கள். மீதியை வேகமாக மினுக்கி ஈடுகட்டுகின்றன. வேறு ஒரு நல்ல திரையில் பட்டை தெரியவில்லை என்றால் கோப்பைத் தொடாதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளக்கிறோம். பட்டை உருவான கட்டத்தை இது தொடுகிறதா? யூடியூபோ இன்ஸ்டாகிராமோ மறுபடி கம்ப்ரஸ் செய்த பிறகும் பலன் மிஞ்சுமா? காட்சியின் நுணுக்கத்தை எவ்வளவு தின்னும்? நேரம், ரேம், கோப்பு அளவு, பணம் என்று மறைவாக எவ்வளவு கேட்கும்? இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. மாஸ்டர் கோப்பில் அழகாக இருப்பது யாருக்கும் போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

## வழி 1: புராஜெக்டை 16 அல்லது 32 பிட்டுக்கு மாற்றுவது

எண்கள் 2, 3 என்று தாவுகிறவர்களுக்கு இதுதான் தீர்வு. 8 பிட்டில் குளோ, அதன் மேல் ஒரு பிளர், அதன் மேல் கர்வ்ஸ் (வெளிச்சத்தை வளைவால் மாற்றும் எஃபெக்ட்) என்று அடுக்கினால் ஒவ்வொரு எஃபெக்டும் விடையை முழு எண்ணாக்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. கர்வ்ஸில் இருட்டை இரு மடங்கு தூக்கினால், 30 படி இருக்க வேண்டிய இடத்தில் 15 படிதான் இருக்கும், ஒவ்வொன்றும் 2 அளவு உயரத்தில்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புராஜெக்ட் பேனலின் அடியில் உள்ள பிட் எண்ணை ஆல்ட் விசையுடன் சொடுக்கினால் 8, 16, 32 என்று மாறும். 16-இல் 32,768 படிகள், இந்த வேலைக்குத் தாராளம். 32 ஃப்ளோட்டுக்குப் (தசம எண் கணக்கு) போனால் வெள்ளைக்கு மேலான ஒளியும் வெட்டுப்படாமல் நிற்பதால் குளோ இன்னும் இயல்பாகப் பரவும். ஆனால் தோற்றமே மாறும், த்ரெஷோல்டையும் (குளோ தொடங்கும் வெளிச்ச எல்லை) இன்டென்சிட்டியையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். முடித்த புராஜெக்டைக் கடைசி நாளில் 32-க்கு மாற்றுவது ஆபத்து. அவசரம் என்றால் 16 போதும்.

மறைவான செலவு ரேம். 1920×1080 ஃபிரேம் ஒன்று 8 பிட்டில் 8.3 எம்பி, 16-இல் 16.6, 32-இல் 33.2. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் பத்து நொடி பிரிவியூவுக்கு 32 பிட்டில் ஏறக்குறைய 8 ஜிபி வேண்டும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரிவியூ பாதியில் நின்றுவிடலாம்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, இடையில் 8 பிட் மட்டுமே தெரிந்த பழைய பிளகின் ஒன்று இருந்தால் மொத்த உழைப்பும் அங்கே வீண். எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிகிறதா பாருங்கள். இரண்டு, அவுட்புட் மாட்யூலில் டெப்த் ‘மில்லியன்ஸ் ஆஃப் கலர்ஸ்’ என்றே இருந்தால் வெளியே வருவது 8 பிட். ‘ட்ரில்லியன்ஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும். கோடெக்கும் (கம்ப்ரஸ் செய்யும் முறை) அதை ஏற்பதாக இருக்க வேண்டும். ப்ரீமியரில் இதற்கு இணையானது எக்ஸ்போர்ட்டில் உள்ள ‘ரெண்டர் அட் மேக்ஸிமம் டெப்த்’. ரிசால்வ் (இன்னொரு எடிட்டிங் மென்பொருள்) உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட்டிலேயே கணக்கிடுகிறது, அங்கே இந்தக் கவலை குறைவு.

இவ்வளவு செய்தும் கடைசிக் கோப்பு 8 பிட் என்றால், மேலே சொன்ன அதே 30 படிகள்தான் மிஞ்சும். தாவல் போகும், பட்டை முழுவதும் போகாது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

## வழி 2: கிரெய்ன் அல்லது நாய்ஸ் சேர்ப்பது

8 பிட் கோப்பில் பட்டையைக் கண்ணிலிருந்து உண்மையாகவே மறைப்பது இது ஒன்றுதான். இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட மதிப்பை நாய்ஸ் இரண்டு படிகளிலும் சிதறவிடுகிறது. தூரத்திலிருந்து பார்க்கும் கண் அவற்றைச் சராசரியாக்கி, இல்லாத படியையும் இருப்பதாகக் காண்கிறது.

அளவு முக்கியம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் நாய்ஸ் எஃபெக்டில் 1 சதவீதம் என்பது 8 பிட் கணக்கில் சுமார் இரண்டரை படி. கம்ப்ரஸ் ஆகாத கோப்புக்கு அது போதும். ப்ரோரெஸ் (உயர்தர எடிட்டிங் கோடெக்) மாஸ்டருக்கு 1 முதல் 1.5. யூடியூபுக்கு 3, சில காட்சிக்கு 4 வரை தேவைப்படும். ‘யூஸ் கலர் நாய்ஸ்’ தேர்வை எடுத்துவிடுங்கள். நிற நாய்ஸ் இருட்டில் அழுக்காகத் தெரியும், நிறத் தகவலைப் பாதி அளவில் சேமிக்கும் கோடெக்குகளில் அது நிற்கவும் நிற்காது.

அளவைவிட வைக்கும் இடம் முக்கியம். நாய்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் இருக்க வேண்டும். குளோ லேயருக்குள் போட்டால் அடுத்து வரும் பிளர் அதைத் துடைத்துவிடும். நாய்ஸுக்கு மேலே ஒரு கர்வ்ஸ் இருந்தால் அளவு மாறிப்போகும். புராஜெக்ட் 8 பிட்டிலேயே இருந்தால் குளோ ஏற்கெனவே படியாகிவிட்டது. அதன் மேல் தூவும் நாய்ஸ் பட்டையை மங்கலாக்குமே தவிர இல்லாத மதிப்பைக் கொண்டுவராது. ஆகவே வழி 1-உம் வழி 2-உம் சேர்ந்தே போக வேண்டியவை. நாய்ஸ் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறவும் வேண்டும். அசையாமல் நிற்கும் நாய்ஸ் கேமரா நகரும்போது கண்ணாடியில் படிந்த தூசியாகத் தெரியும்.

ஆட் கிரெய்ன் எஃபெக்ட் பயன்படுத்துபவர்கள் வியூவிங் மோடை ‘ஃபைனல் அவுட்புட்’ என்று மாற்ற மறக்காதீர்கள். இயல்பாக அது ‘பிரிவியூ’வில் நிற்கும், சிறிய சதுரத்துக்குள் மட்டும் கிரெய்ன் தெரியும், அப்படியே ரெண்டரும் ஆகிவிடும். நாய்ஸ் எஃபெக்டை விட இது மெதுவானது. ஆனால் கிரெய்னின் பருமனை மாற்ற இடம் தருகிறது, இணையத்துக்கு அதுதான் வேண்டும். ஒரு பிக்ஸல் அளவுப் பொடி கிரெய்னை என்கோடர் (வீடியோவைக் கம்ப்ரஸ் செய்யும் நிரல்) முதல் வேலையாகத் தூக்கி எறியும். 1080-இல் ஒன்றரை, இரண்டு பிக்ஸல் பருமனுள்ள, ஓரம் மென்மையான கிரெய்ன் அதைவிட நன்றாகத் தப்பிப் பிழைக்கும்.

மறைவான செலவு கோப்பின் அளவு. கிரெய்ன் என்பது என்கோடருக்கு முன்கூட்டிக் கணிக்க முடியாத விவரம். தரத்தை நிலையாக வைத்தால் கோப்பு வெகுவாகப் பெருக்கும், பிட்ரேட்டை நிலையாக வைத்தால் காட்சியின் மற்ற இடங்களில் தரம் குறையும். தகடு போல வழுவழுப்பான விளம்பரத் தோற்றம் கேட்கும் வாடிக்கையாளருக்கு 3 சதவீதக் கிரெய்ன் பிடிக்காமலும் போகலாம். முதலிலேயே காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

## வழி 3: டீபேண்ட் ஃபில்டர்

குளோ புராஜெக்ட் கையில் இல்லை, கிடைத்தது 8 பிட் எம்பி4 மட்டும்தான் என்றாலோ, பட்டை கேமராவிலேயே வந்துவிட்டது என்றாலோ இதைவிட்டால் வழியில்லை. ஃபில்டர் செய்வது எளிது: ஒரு பிக்ஸலைச் சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் இது பட்டைதான் என்று முடிவு செய்து சராசரியாக்கும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியில் இப்படி இரண்டு ஃபில்டர்கள் உண்டு. கிராட்ஃபன் பார்ப்பதற்கான பிளேபேக்குக்கு மட்டும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அது சேர்க்கும் டித்தரை (படியை மறைக்கும் சிறு நாய்ஸ்) அடுத்து வரும் கம்ப்ரஷன் அழித்து, பட்டையைத் திரும்பக் கொண்டுவரும். எக்ஸ்போர்ட் வேலைக்கு டீபேண்ட் என்ற மற்றதே சரி. அதன் த்ரெஷோல்டு இயல்பாக 0.02, அதாவது 8 பிட்டில் 5 படிக்குள் உள்ள வித்தியாசத்தை எல்லாம் தட்டிச் சமமாக்கும். வித்தியாசம் 1, 2 மட்டுமே உள்ள குளோவுக்கு இது அதிகம், 0.008-லிருந்து 0.01 வரை போதும். ரேஞ்ச் இயல்பாக 16 பிக்ஸல். 60 பிக்ஸல் அகலப் பட்டைக்கு அது எட்டாது, 32-க்கோ அதற்கு மேலோ ஏற்றிப் பார்க்க வேண்டும். காட்சியை முதலில் 10 பிட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஃபில்டரைப் போடுங்கள். 8 பிட்டிலேயே சராசரி எடுத்தால் அந்தச் சராசரியை வைக்க இடம் இல்லை.

ரிசால்வில் டீபேண்ட் எஃபெக்ட் கட்டண ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. வசதி என்னவென்றால், அதை ஒரு நோடில் (எஃபெக்ட் கட்டம்) போட்டு பவர் விண்டோவால் (வடிவ மாஸ்க்) விளக்கைச் சுற்றி மட்டும் கட்டுப்படுத்தலாம்.

அப்படிக் கட்டுப்படுத்தவும் வேண்டும். பட்டைக்கும் நுணுக்கமான இழைக்கும் இந்த ஃபில்டருக்கு வேறுபாடு தெரியாது. இருட்டில் இருக்கும் முகத்தின் தோல், கறுப்புப் புடவையின் நெசவு, புகை, கூந்தல், நட்சத்திரம் எல்லாம் 5 படிக்குள்தான் இருக்கும். முழு ஃபிரேமுக்கும் போட்டால் முகம் மெழுகாகிவிடும். முடித்த பிறகு மேலே 1 சதவீத நாய்ஸ் போடாவிட்டால் அடுத்த என்கோடில் பட்டை மீண்டும் எழும்.

## வழி 4: 10 பிட் எக்ஸ்போர்ட்

பார்ப்பவர் கையில் 10 பிட் போய்ச் சேரும் என்று உறுதியாகத் தெரிந்தால் இதற்கு நிகரில்லை. கிரெய்னைக் குறைத்துக்கொண்டு காட்சியைச் சுத்தமாக வைத்திருக்கலாம். திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியான டிசிபி 12 பிட், அதற்கு மாஸ்டர் ப்ரோரெஸ் 4444 அல்லது 16 பிட் டிஃப் படங்களின் வரிசையாகக் கொடுங்கள். கலரிஸ்டுக்கோ வேறு எடிட்டருக்கோ கைமாறும் கோப்பு ப்ரோரெஸ் 422 எச்க்யூ. விண்டோஸ்காரர்கள் டிஎன்எக்ஸ்எச்ஆர் (ப்ரோரெஸ் போன்ற மற்றொரு கோடெக்) எடுக்கும்போது கவனம்: எச்க்யூ என்று பெயர் இருந்தாலும் அது 8 பிட். எச்க்யூஎக்ஸ் என்பதே வேண்டியது. இந்த ஓர் எழுத்தில் கெட்டுப்போன மாஸ்டர்கள் நிறைய.

இடமும் கணக்கில் வர வேண்டும். 1080-இல் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு ப்ரோரெஸ் 422 எச்க்யூ நொடிக்குச் சுமார் 220 மெகாபிட், ஒரு நிமிடம் 1.65 ஜிபி.

கொடுத்து அனுப்பும் கோப்பு என்றால் எச்.265 மெயின் 10 (அந்தக் கோடெக்கின் 10 பிட் வகை). எச்.264-இலும் 10 பிட் உண்டு. ஆனால் பெரும்பாலான போன்களிலும் டிவிகளிலும் அதற்கு ஹார்டுவேர் ஆதரவு இல்லை, திக்கித் திக்கி ஓடும் அல்லது ஓடவே ஓடாது. யூடியூபின் சாதாரண எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத) வீடியோ பார்ப்பவருக்கு 8 பிட்டாகவே போகிறது. 10 பிட்டில் ஏற்றுவது அவர்களுடைய என்கோடருக்கு நல்ல மூலத்தைக் கொடுக்கும், அவ்வளவே. கிரெய்னுக்கு அது மாற்று ஆகாது.

## வழி 5: என்கோடர் அமைப்பு

சதுரம் சதுரமாக உடைபவர்களுக்கு. எக்ஸ்264 (எச்.264-க்கான இலவச என்கோடர்) போன்றவை கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்து இருட்டில் பிட்டைச் சிக்கனம் பிடிக்கின்றன. ஏக்யூ மோடை (பிட்டை எந்தப் பகுதிக்கு ஒதுக்குவது என்ற அமைப்பு) 3-க்கு மாற்றினால் இருண்ட பகுதிக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலோ ப்ரீமியரிலோ இந்த அமைப்பு வெளியே தெரிவதில்லை. ப்ரோரெஸ் மாஸ்டர் எடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளின் கூடுதல் அமைப்புப் பெட்டியில் கொடுக்க வேண்டும். சிஆர்எஃப் (தர எண், குறைந்தால் தரம் கூடும்) 16 முதல் 18, கிரெய்ன் போட்டிருந்தால் ‘டியூன்’ அமைப்பில் ‘கிரெய்ன்’. இலவசம், காட்சியைத் தொடாது, கூடுதலாக ஒரு என்கோட் நேரம் மட்டும் செலவு. வேகத்துக்காக ஜிபியு என்கோடர் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் பிட்ரேட்டைத் தாராளமாக வையுங்கள்.

யூடியூபுக்கு ஏற்றும் 1080 வீடியோவை 1440-ஆகப் பெரிதாக்கி ஏற்றும் வழக்கம் இதன் தொடர்ச்சி. பெரிய அளவுக்கு விபி9 கோடெக்கும் கூடுதல் பிட்ரேட்டும் கிடைப்பதால் இருட்டு நன்றாகப் பிழைக்கிறது. பெரிதாக்கிய பிறகு, 1440 அளவில் கிரெய்ன் போடுங்கள்.

## வழி 6: குளோவையே மாற்றுவது

இதை யாரும் முதலில் நினைப்பதில்லை, ஆனால் காசு செலவில்லாதது. ரேடியஸை 900-லிருந்து 400 பிக்ஸலுக்குக் குறைத்தால் படியின் அகலமும் பாதிக்கும் கீழே போகும். ஒரே பெரிய குளோவுக்குப் பதிலாக சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அடுக்கி, பெரியதன் இன்டென்சிட்டியை வெகுவாகக் குறைக்கலாம். குளோவின் மேல் மெலிதான ஃபிராக்டல் நாய்ஸ் (மேகம் போன்ற ஒழுங்கற்ற வடிவம்) ஒன்றை மல்டிப்ளை செய்தால் காற்றில் இருக்கும் புகை மாதிரி ஒழுங்கின்மை வந்து, வளையத்தின் முழு வட்டம் உடையும்.

விளக்கைச் சுற்றிப் பட்டையோடு மினுமினுப்பும் இருந்தால் வேறு காரணம். அதிக ஐஎஸ்ஓ நாய்ஸ் குளோவின் த்ரெஷோல்டை ஃபிரேமுக்கு ஃபிரேம் தாண்டித் தாண்டி இறங்குகிறது. காட்சியின் நகல் ஒன்றை மட்டும் டீநாய்ஸ் செய்து, குளோவை அதிலிருந்து எடுத்து, டீநாய்ஸ் செய்யாத ஒரிஜினல் மேல் ஆட் மோடில் வையுங்கள். மினுமினுப்பு நிற்கும், ஒரிஜினலின் நாய்ஸ் பட்டையையும் கொஞ்சம் மறைக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எந்தப் பட்டைக்கு | மறு கம்ப்ரஷனைத் தாங்குமா | மறைவான செலவு |
|---|---|---|---|
| 16 / 32 பிட் புராஜெக்ட் | எண் 2, 3 தாவுவது | தனியாக இல்லை | ரேம். 32-இல் தோற்றம் மாறும் |
| கிரெய்ன் | 8 பிட்டின் இயல்பான படி | பருமனான கிரெய்ன் ஓரளவு தாங்கும் | கோப்பு அளவு, தோற்றம் |
| டீபேண்ட் | மூலத்திலேயே உள்ளது | மேலே நாய்ஸ் இருந்தால் மட்டும் | நுணுக்கம் போகும், மாஸ்க் வேலை |
| 10 பிட் எக்ஸ்போர்ட் | 8 பிட்டின் இயல்பான படி | 8 பிட் தளத்தில் இல்லை | வட்டு இடம், பழைய கருவியில் ஓடாது |
| ஏக்யூ, பிட்ரேட் | சதுரமாக உடைவது | நேரடிக் கோப்புக்கு மட்டும் | கூடுதல் என்கோட் |
| குளோ மாற்றம் | எல்லாவற்றுக்கும் ஓரளவு | ஆம் | விரும்பிய தோற்றம் கொஞ்சம் போகும் |

## உங்கள் வேலைக்கு எது

யூடியூப் குறும்படம், பாடல் வீடியோ: 16 பிட் புராஜெக்ட், கடைசி லேயரில் 3 சதவீதக் கிரெய்ன், 1440-இல் ஏற்றம். இதில் எதையும் விடாதீர்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்: கம்ப்ரஷன் அங்கே இன்னும் கடுமை, கிரெய்ன் பாதிகூட மிஞ்சாது; வழி 6-ஐ முதலில் எடுங்கள், குளோவைச் சிறிதாக்கி முழுக் கறுப்புப் பின்னணியைத் தவிருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

கல்யாண மண்டபத்தின் எல்இடி திரைக்கு இருட்டுக் காட்சியே கடினம். வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும்போது அத்திரைகள் அடி மட்டத்துப் படிகளை இழக்கின்றன. திரையின் உண்மையான பிக்ஸல் அளவைக் கேட்டு வாங்கி, அதே அளவில் ரெண்டர் செய்யுங்கள். பெரிய வீடியோவைத் திரை சுருக்கினால் கிரெய்ன் சராசரியாகிக் காணாமல் போகும். கறுப்பைக் கொஞ்சம் தூக்கி, குளோவின் ஓரம் மெதுவாகக் கரையாமல் சீக்கிரம் முடியும்படி வைப்பது நல்லது.

வெளியிலிருந்து வந்த பழைய கோப்பு: 10 பிட்டுக்கு மாற்றம், மாஸ்க்குடன் டீபேண்ட், 1 சதவீத நாய்ஸ், எச்.265 மெயின் 10.

எதைத் தேர்ந்தாலும் முழுப் படத்தையும் ரெண்டர் செய்வதற்கு முன், மிக இருட்டான பத்து நொடியை மட்டும் எடுத்து, கிரெய்ன் 2, 3, 4 சதவீதம் என்று மூன்று பிரதி செய்து யூடியூபில் அன்லிஸ்டடாக ஏற்றுங்கள். ஏற்றிய உடனே தெரிவது தரம் குறைந்த பதிப்பு. 1440 தேர்வு வரும் வரை பொறுத்திருந்து, அறை விளக்கை அணைத்து, போனின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றிவிட்டுப் பாருங்கள். வளையம் தெரியாத பிரதிகளில் கிரெய்ன் எதில் குறைவோ, அந்த அளவை முழுப் படத்துக்கும் வையுங்கள்.